வெறுந்துணியின் எடை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவரை மில்லி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பதினாறு வருடமாக மில்லிகிராம் கணக்கில் எடை போடுகிற கை. தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் பக்கத்தில் யாராவது தும்மினால் தொலைந்தார்கள். வீட்டுச் சமையலில் மட்டும் உப்பு பாதி நாள் கரிக்கும் என்று அவர் வீட்டுக்காரர் புலம்புவார்.

நான் அடுத்த மேசை. மின்சாரம் கடத்தும் ஒரு வகைப் பிளாஸ்டிக்கோடு நுண்ணிய கார்பன் குழாய்களைக் கலந்தால் கரும்பச்சை விழுது கிடைக்கும். அதைக் கார்பன் துணியில் பூசிக் காயவைத்தால் மின்முனை. அது எவ்வளவு மின்சாரத்தைப் பிடித்து வைக்கிறது என்று என் இயந்திரம் அளக்கும். அந்த அளவை விழுதின் எடையால் வகுக்க வேண்டும். துணியை வெறுமனே ஒரு முறை, பூசிக் காய்ந்த பிறகு ஒரு முறை எடை போட்டால், வித்தியாசம்தான் விழுது. ஓர் அரிசியின் எடையில் பத்தில் ஒரு பங்கு தேறும். அதில் அக்கா சொன்னதே வேதவாக்கு.

சில மாதங்களுக்கு முன் ஆராய்ச்சி மாணவியின் மின்முனை ஒன்றுக்கு, ஒரு கிராமுக்கு எவ்வளவு மின்சாரம் என்று பார்த்தால், மற்றவற்றைவிட ஒன்றரை மடங்கு வந்தது. ஐந்து வருட உழைப்பு. அந்தப் பெண் தலைகால் புரியாமல் திரிந்தாள். ஒரு மாதத்தில் எழுதி முடித்த கட்டுரையை அந்த வெள்ளிக்கிழமை அனுப்பிவிடச் சொன்னார் பேராசிரியர். அது வெளிவந்தால்தான் பட்டம். கட்டுரைக்கு உயிரே அந்த எண்தான்.

புதன்கிழமை காலை மழை. காயவைத்து எடுத்த புதுத் துணியொன்றை அக்கா தராசில் வைத்தார். எண் நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போனது. துணி காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அந்த ஒன்றரை மடங்கு எண் ஞாபகம் வந்தது. குறிப்பேட்டைப் புரட்டி அந்த மின்முனையின் தேதியைப் பார்த்தார். அன்றும் மழை. தங்கைக்குப் பிள்ளை பிறந்ததாகப் போன் வந்த நாள். பெரியம்மா ஆன சந்தோஷத்தில் வெறுந்துணியைக் காயவைக்காமலே எடை போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். துணியின் எடையில் ஈரமும் சேர்ந்துவிட்டதால் விழுதின் எடை குறைவாகத் தெரிந்திருக்கிறது. குறைவானதால் வகுத்தால் எண் எகிறத்தானே செய்யும்?

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அக்கா குறிப்பேட்டோடு நேரே மாணவியிடம் போனார்.

"அந்த நம்பர் தப்பும்மா. துணியக் காயவைக்காம எடை போட்டுட்டேன். தப்பு என்னோடது."

சரியான எண் எவ்வளவு இருக்கும் என்று மட்டும் அவள் கேட்டாள். அன்றைய ஈரத்தை இன்றைக்கு எப்படி அளப்பது என்று சொல்லும்போதே அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. கட்டுரை நின்றது. புதிதாக மூன்று மின்முனைகள் செய்தார்கள். அக்கா ஒவ்வொரு துணியையும் காயவைத்து எடை போட்டுக் கொடுத்தார். மூன்றுமே பழைய, சாதாரண எண்ணைத்தான் தந்தன. பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

அக்காவை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மேசைக்குத்தான் வந்தாள்.

"மெஷின்ல பாத்தப்ப உங்களுக்குச் சந்தேகமே வரலையாண்ணா?"

வந்தது. முதல் நாளே வந்தது. அந்த மின்முனை பிடித்த மின்சாரம் மற்றவை பிடித்த அளவுதான். எடை மட்டும்தான் குறைவு. ஆனால் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரோடு ஒத்துப்போவோம் என்று நானும் தட்டினேன். அக்காவுக்குத் தன் தப்பைச் சொல்ல ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. நான் ஒரு மாதம் சும்மா இருந்திருக்கிறேன்.

"வந்துச்சும்மா," என்றேன்.