கைக்கு அடங்காத துவக்கு

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில், செவன் கிங்ஸ் பகுதியில் வீடு வாங்கிக் குடியேறியிருந்த புதிது. நவம்பர் பிறந்தால் இங்கே ஊரெங்கும் வாணவேடிக்கைதான். வெள்ளைக்காரருக்கு அது ஒரு பழைய கொண்டாட்டம். எங்களுடைய தீபாவளியும் கிட்டடியில் வருவதால் பிள்ளைகளுக்கு இரட்டைச் சந்தோஷம். ஒரு மாலை, ஆறு வயது மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மனைவியோடு பக்கத்துப் பூங்காவுக்குப் போனேன்.

முதல் வாணம் மேலே போய்ப் பூவாய் விரிந்தது. மகள் என் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்து வந்ததில் பூவும் இல்லை, நிறமும் இல்லை, வெறும் வெடி. ஒரே ஒரு அடி. பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் ஈரப் புல்லில் குப்புறக் கிடக்கிறேன், மகள் எனக்கு அடியில் கிடந்து அலறுகிறாள் என்பதுதான். அவளுடைய உதடு வெடித்து இரத்தம் வந்தது. சுற்றி நின்றவர்கள் என்னைக் குடிகாரன் என்று நினைத்து விலகி நின்றார்கள். வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவன் நான். ஒரு நாளும் மதுவைத் தொட்டதில்லை.

உதட்டுக் காயம் சீக்கிரமே ஆறிவிட்டது. ஆனால் அடுத்த கிழமை பக்கத்து வீட்டில் வாணம் விட்டபோது, நான் அவளைத் தூக்கக் கை நீட்டினேன். அவள் பின்னுக்கு நகர்ந்தாள்.

"அப்பா நோ. அம்மா, நீங்கள் வாங்கோ."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னாள். அதுதான் என்னைச் சுட்டது. அன்றிரவு சாமி அறையில் விளக்கேற்றும்போது முடிவெடுத்தேன். அடுத்த நவம்பரில் இவளை நான்தான் தூக்கிக்கொண்டு போவேன். வெடித்தாலும் நிற்பேன். முருகா, நீதான் காலுக்குப் பலம் தர வேண்டும் என்று கும்பிட்டேன்.

என் பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எண்பதுகளில், ஊரில் ஒரு நாள், நான் போன பஸ்ஸை ஆமிக்காரர் சந்தியில் மறித்து ஆம்பிளைகளை இறக்கினார்கள். ஒரு அதிகாரி என்னை முழங்காலில் இருத்தி, கைத்துவக்கை என் நெற்றியில் வைத்தான். எனக்கு விளங்காத பாஷையில் ஏதோ கேட்டான். பக்கத்தில் யாரோ வானத்தை நோக்கிச் சுட்டார்கள். என் நெற்றியில் இருந்த குழல் வாய் ஆடி ஆடி உரசியது. என்னை வைத்து விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். கடைசியில் "போ" என்பதுபோல் தலையை ஆட்டினான். போனேன். நாட்டை விட்டும் வந்தேன். ஆனால் அந்தக் குழல் வாயும் என்னோடு பிளேனேறி வந்துவிட்டது.

நான் பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றில் பொதி கட்டும் வேலை செய்தேன். அங்கே இயந்திரம் திருத்தும் வெள்ளைக்காரர் ஒருவர், என் வயதுக்காரர், எனக்கு நல்ல நண்பர். பூங்காவில் நடந்ததை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தான் ஒரு கைத்துவக்கு கிளப்பில் உறுப்பினர் என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டையில் குறி பார்த்துச் சுடுவார்கள் என்றும் சொன்னார். வந்து பார், எப்போது வெடிக்கும் என்று தெரிந்துகொண்டு கேட்கிற சத்தம் வேறு, தெரியாமல் கேட்கிற சத்தம் வேறு என்றார். அந்தக் காலத்தில் அது சட்டப்படி நடந்த விளையாட்டு.

கிளப் ஒரு பழைய கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் இருந்தது. முதல் ஞாயிறு காதுக்கு மூடி போட்டுக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே ஒவ்வொரு வெடிக்கும் "சரவணபவ" என்று சொன்னேன். சட்டை தெப்பமாக நனைந்தது. ஆனால் விழவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த ஞாயிறு கதவுக்கு உள்ளே. பிறகு சுடுகிறவர்களுக்குப் பின்னால் இருந்த வாங்கில். பனி கொட்டிய ஞாயிறும் விடவில்லை. குளிர் போய் வெயில் வந்தபோது கிளப்பின் பழைய, மெலிந்த சின்னக் கைத்துவக்கை நானே பிடித்துச் சுட்டேன். சத்தம் ஆணி அடிப்பதுபோல இருந்தது.

நான் திருநீறு பூசிச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டுதான் போவேன். கிளப்காரர்களுக்கு அது ஒரு பகிடி. "குறி வைக்கிற இடத்தை நெற்றியிலேயே போட்டுக்கொண்டு வந்திருக்கிறாயே!" என்பார்கள். அவர்களோடு நானும் சிரிப்பேன். ஆனால் கை தானாக நெற்றிக்குப் போகும்.

ஒரு சனிக்கிழமை நண்பர் ஏதோ சாமான் வாங்க ஒரு துவக்குக் கடைக்கு என்னைக் கூட்டிப்போனார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் அதைப் பார்த்தேன். அந்தச் சந்தியில் என் நெற்றியில் இருந்த அதே வகை. இது இன்னும் மினுக்கமானது, விலை கூடியது. ஒரு அடி பின்னுக்கு வைத்தேன். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. அந்த இடத்திலேயே தீர்மானித்தேன். இதையே வாங்குவேன். என் வீட்டில், என் திறப்பில், பூட்டி வைப்பேன். அதற்குப் பிறகு அது என்னை வெருட்டட்டும் பார்ப்போம்.

கிளப்பில் ஒழுங்காகப் பழகி முழு உறுப்பினரானவருக்குப் பொலிஸ் அனுமதி தந்தால் சொந்தமாக வாங்கலாம் என்பது அப்போதைய சட்டம். காவலுக்கென்று கேட்டால் கிடையாது, குறி சுடுவதற்கு மட்டும்தான். வீட்டில் இரும்புப் பெட்டி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் பூட்டி, அதற்குள்தான் வைக்க வேண்டும். இங்கேதான் வீட்டில் யுத்தம் தொடங்கியது. எங்கள் வீட்டில் தட்டினால் டொக் டொக்கென்று கேட்கும் அட்டைச் சுவர்கள்தான் அதிகம். பெட்டி பூட்டத் தோதான கல்லுச் சுவர் சாமி அறையில்தான் இருந்தது.

"இஞ்சருங்கோ, சாமி அறைக்குள்ள துவக்கோ? உங்களுக்கென்ன விசரே?" என்றாள் மனைவி.

"முருகன்ர கையிலயும் வேல் இருக்குத்தானே."

"அவர் சூரனுக்கு வேல் தூக்கினவர். நீங்கள் ஆருக்குத் தூக்கப் போறியள்?"

 நான் துளை போடுகிற மெஷினை முடுக்கினேன். பெட்டியைச் சுவரில் பூட்டிவிட்டேன்.

கோயிலிலும் கதை பரவிவிட்டது. ஆர்ச்வே முருகன் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஊர்க்காரர் ஒருவர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "அண்ணை, நாங்கள் துவக்குக்குப் பயந்து ஓடிவந்து விசா எடுத்தனாங்கள். நீங்கள் விசா எடுத்துப்போட்டெல்லோ துவக்கு வாங்கப் போறியள்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. சாம்பார் ஊற்றினவரும் சிரிப்பில் தட்டுக்கு வெளியே ஊற்றிவிட்டார். நான் அசையவில்லை.

இருந்தாலும் சாமியைக் கேளாமல் ஒன்றும் செய்கிற வழக்கம் எனக்கில்லை. பெற்றோல் செட்டில் விற்கும் கார்னேஷன் பூவில் சிவப்பும் வெள்ளையும் வாங்கி, தனித்தனியாகக் கடதாசியில் சுற்றி முருகன் படத்தின் முன்னால் வைத்தேன். சிவப்பு வந்தால் வாங்கு, வெள்ளை வந்தால் விடு என்று மனதில் நேர்ந்துகொண்டு மகளை ஒன்றை எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தது. சரியாகக் கும்பிடவில்லை என்று நினைத்து, கால் கை கழுவி, கற்பூரம் கொளுத்தி, மறுபடி எடுக்கச் சொன்னேன். அதுவும் வெள்ளை. பிறகு தேவாரம் ஒன்று முழுதாகப் பாடிவிட்டுக் கேட்டேன். சிவப்பு வந்தது. "பார்த்தீரே!" என்றேன் மனைவியிடம்.

மனைவி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "முருகனுக்கு அலுத்துப்போச்சு. ஏதோ செய்து துலை எண்டு விட்டிட்டார்" என்றாள்.

அனுமதிக்கு எழுதிப்போட்ட பிறகு பொலிஸ்காரர் ஒருவர் பெட்டியைப் பார்க்க வந்தார். சாம்பிராணி வாசத்துக்கும் விளக்குக்கும் என்ன நினைத்தாரோ, யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இரும்புப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. போகும்போது முருகன் படத்தைக் காட்டி, அந்த வேலாயுதத்தை எங்கே பூட்டி வைக்கிறீர்கள் என்று சிரித்துக்கொண்டு கேட்டார். மனைவிக்கு ஆங்கிலம் குறைவு. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "நோ லொக். ஹி இஸ் குட் மான்" என்றாள். அதற்கென்ன அர்த்தம் என்று அவருக்கு விளங்கியதோ தெரியாது, எனக்கு நன்றாக விளங்கியது.

அனுமதி வந்தபோது மரங்களில் இலை உதிரத் தொடங்கிவிட்டது. நவம்பர் கிட்டத்தில் நின்றது. நண்பரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரி நடுத்தர வயதுப் பெண். பச்சைத் துணி விரித்து, நான் கேட்டதையும் வேறு இரண்டையும் அதில் வைத்தாள். ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்டினாள். மற்ற இரண்டும் மெலிந்தவை. நான் கேட்டதன் மகசீனை, ரவை அடுக்கும் பெட்டியை, கழற்றிக் காட்டி விளக்கினாள். இதில் ரவைகள் ஒரே வரிசையில் நிற்காமல் இரண்டு வரிசையாக மாறி மாறி அடுக்கி நிற்கும். நிறையக் கொள்ளும். ஆனால் அதற்கேற்றபடி பிடியும் தடித்துவிடும்.

நான் அதைத் தூக்கினேன். முதலில் மனதில் பட்டது ஒன்றுதான். இதுவரைக்கும் நான் இதை முன்பக்கத்தால் மட்டும் பார்த்தவன். பின்பக்கம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

வெறும் சுவரை நோக்கி நீட்டச் சொன்னாள். நீட்டினேன். என்னுடையது சின்னக் கை. பிடி உள்ளங்கையில் அடங்கவில்லை. விசைக்கு விரல் நுனிதான் எட்டியது. விரலை எட்ட வைத்தால் பிடி நழுவியது. பிடியை இறுக்கினால் விரல் எட்டவில்லை. எப்படிப் பிடித்தாலும் குழல் வாய் ஆடியது.

"உங்கள் கைக்கு இது பெரிது" என்றாள் அவள் நேரடியாக. "மெலிந்ததைப் பாருங்கள்."

"இல்லை. இதுதான் வேணும். பழகிக்கொள்வேன்."

ஒரு வருஷமாகப் பிடித்த பிடியை அங்கே விட மனமில்லை. மூச்சை இழுத்துத் திரும்ப நீட்டினேன். குழல் வாய் மேலும் கீழுமாக, பக்கவாட்டில், ஒரு சின்ன வட்டமாக ஆடியது. அந்த ஆட்டம் எனக்குத் தெரியும். என் நெற்றித் தோலுக்குத் தெரியும்.

அப்போதுதான் அந்த அதிகாரியின் கை என் கண்ணுக்கு வந்தது. இத்தனை காலமும் குழல் வாய்தான் வந்தது, கை வந்ததில்லை. அதுவும் சின்னக் கை. விரல் எட்டாமல் நீண்டு, நுனி மட்டும் விசையில் பட்டபடி. மேலுதட்டில் வியர்வை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுக்கு மேல் இருக்காது. அவன் என்னை வைத்து விளையாடவில்லை. அந்தத் துவக்கு அவன் கைக்கும் அடங்கவில்லை. நான் நடுங்கினேன், அவனும் நடுங்கினான். நடுவில் அது ஆடிக்கொண்டிருந்தது.

"முருகா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். என்ன, என்ன என்று நண்பர் தோளைப் பிடித்தார். ஒன்றுமில்லை என்று சொல்லி, அதைப் பச்சைத் துணியில் மெதுவாக வைத்தேன். என் விரல்களின் ஈரம் அந்த மினுக்கத்தில் அப்படியே தெரிந்தது. கடைக்காரி ஒரு துணியால் அதைத் துடைத்தாள்.

அவனை மன்னித்துவிட்டேன் என்று பெரிய வார்த்தை சொல்ல மாட்டேன். அவன் செய்தது செய்ததுதான். அவன் ஆட்களால் என் ஊர் பட்டது கொஞ்சமல்ல. ஆனால் அன்றைக்குப் பிறகு அந்தக் குழல் வாய் தனியாக வருவதில்லை. வந்தால் பின்னால் அந்தச் சின்னக் கையும் வரும்.

ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தோம். நண்பர் காரை எடுத்தார். பிறகு, ஒரு வருஷம் பாடுபட்டது வெறுங்கையோடு திரும்பவா என்று கேட்டார். ஓம், அதற்குத்தான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு கியரை மாற்றினார்.

வீட்டில் மனைவி கையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்.  போய்த் தேத்தண்ணி போட்டாள். அதைக் கொண்டுவந்து வைக்கும்போதுதான், "மூண்டு தரம் கேட்டு அலுப்புக் குடுத்ததுக்கு முருகனிட்ட மன்னிப்புக் கேளுங்கோ" என்றாள். கேட்டேன்.

நவம்பர் வந்தது. அதே பூங்கா, அதே ஈரப் புல். "வாறியே பிள்ளை?" என்று மகளிடம் கை நீட்டினேன். அவள் தாயைப் பார்த்தாள். தாய் தலையை ஆட்டினாள். மெதுவாக வந்தாள். தூக்கித் தோளில் இருத்தினேன். ஒரு வருஷத்துக்குள் நன்றாகக் கனத்திருந்தாள்.

பூ விரித்த வாணங்கள் போயின. பிறகு அந்த வெறும் வெடி. என் முழங்கால் மடங்கியது. உண்மையைச் சொல்கிறேன், மடங்கியது. மகளின் இரண்டு காலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து நிமிர்ந்தேன்.

மேலேயிருந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்கள் பயந்தனீங்கள்."

"ஓம் பிள்ளை, பயந்தனான்."

"ஆனா விழேல்லை."

"விழேல்லை."

"ஓகே. அப்ப அடுத்ததையும் பாப்பம்" என்று என் தலைமயிரைப் பிடித்தாள்.

சில வருஷங்களில் சட்டம் மாறி, கைத்துவக்கு வைத்திருந்த கிளப்காரர்கள் எல்லாரும் ஒப்படைக்க வேண்டி வந்தது. என்னிடம் ஒப்படைக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்த இரும்புப் பெட்டி இன்றும் எங்கள் சாமி அறையில்தான் இருக்கிறது. மனைவி அதில் கற்பூரமும் சாம்பிராணியும் கோயிலில் வாங்கிய ஒரு சின்ன வெள்ளி வேலும் வைத்திருக்கிறாள், திறப்பு அவளிடம்தான். இப்போதும் எங்காவது வெடி கேட்டால் என் முழங்கால் மடங்கத்தான் செய்கிறது. அந்த நேரம், தடித்த பிடியில் எட்டாமல் நீண்ட ஒரு சின்ன விரல் ஞாபகத்துக்கு வரும், எதிரில் நிற்கிறவனுக்கும் பயம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றுவிடுகிறேன்.