பக்கிரி மாமாவின் காது

கடலூர் கடலுக்கு நடுவில் ஒரு கெளுத்தி மீன் கொட்டாவி விட்டால், முதுநகர் சங்கீத ஹாலில் உட்கார்ந்தபடியே "கெளுத்திதான், பசியில இருக்கு" என்று சொல்லக்கூடிய காது உலகத்தில் ஒருவருக்குத்தான் உண்டு. அவர் பெயர் பக்கிரி. வேற்றுக் கிரகத்திலிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று கோடிக்கணக்கில் செலவழித்து மிஷின் வைத்துக் கேட்கிறார்களாம். மாமாவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

இதை ஊரே சொன்னது. நான் கொஞ்சம் மசாலா சேர்த்தேன், அவ்வளவுதான்.

நான் மோனிகா. பதினேழு வயது. பத்தாவதில் கணக்கு என்னை இரண்டு தடவை தோற்கடித்தது. மூன்றாவது தடவை நான் போகவில்லை. அம்மா மீன் விற்கிறாள். மார்க்கெட்டில் அவள் "வவ்வாலு, வவ்வாலு" என்று ஒரு குரல் கொடுத்தால் பஸ்ஸில் போகிறவன் எட்டிப் பார்ப்பான். அதே தொண்டைதான் எனக்கும். அதனால் மஞ்சள் நீராட்டு, ரிடையர்மென்ட், கச்சேரி, எதுவானாலும் மேடையில் நின்று "அன்பார்ந்த பெரியோர்களே" என்று அறிவிப்பு செய்கிற வேலை என்னுடையது. அப்படித்தான் ஹாலுக்குப் போய்வரப் பழகினேன்.

அந்த ஹாலுக்கு நூறு வயது ஆகிறது. அரிசி மண்டிக்காரர் ஒருவர் பாட்டுப் பைத்தியம் பிடித்துக் கட்டியது. நடுவில் மேடையும் தேக்குக் கூரையும். இரண்டு பக்கமும் படக்கூடம். இடதுபக்கக் கூடத்தில் பாடினவர்கள், வாசித்தவர்களின் போட்டோக்கள். வலதுபக்கக் கூடத்தில் எண்ணெய் ஓவியங்கள். ஹாலுக்கும் கூடத்துக்கும் நடுவே பக்கத்துக்கு நாலு கதவு. படம் பார்க்கிறவனுக்கும் பாட்டு போய்ச் சேரட்டும் என்று கட்டினார்களாம். கதவு திறந்திருந்தால் மேடையில் குண்டூசி விழுந்தாலும் கூடத்தில் கேட்கும். கூடத்துச் சத்தமும் அப்படியே மேடைக்குப் போகும். ஒருமுறை நான் படங்களுக்கு நடுவில் நின்று விட்ட ஏப்பம் மேடையிலிருந்த வயலின்காரருக்குக் கேட்டிருக்கிறது. அவரே சொன்னார்.

பக்கிரி மாமா எங்கள் குப்பத்து ஆள்தான். மீன் பிடிக்கிற வீட்டில் பிறந்து கடல் ஒத்துக்கொள்ளாத ஜென்மம். படகு கரையை விட்டால் போதும், வாந்தி. அவருடைய அப்பா நாலு வருஷம் இன்ஜின் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தார். வாந்தி நிற்கவில்லை, காதில் இரைச்சல்தான் மிச்சம். அப்புறம் ஒரு ரேடியோ செட்காரரோடு சேர்ந்தார். குழாய் ஸ்பீக்கரை சைக்கிளில் கட்டிக்கொண்டு போவது, தென்னை மரத்தில் ஏறிக் கட்டுவது, திருவிழா முடியும்வரை அந்தக் குழாய்க்குக் கீழேயே தூங்குவது. அதற்குப் பிறகு ஹாலில் முப்பத்துநாலு வருஷம். கச்சேரிக்கு முன்னால் மேடையில் ஏறி ஒரே ஒரு தடவை கைதட்டுவார். தலையைச் சாய்ப்பார். "இன்னிக்கு ஈரக்காத்து, கம்மியா வெச்சா போதும்" என்பார். பெரிய பெரிய பாடகர்கள் "பக்கிரி இருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் தேதி கொடுப்பார்கள்.

போன ஆடி மாசம் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் மாமா திரும்புவதில்லை. முன்னால் போய் நின்றால் முதலில் என் வாயைப் பார்க்கிறார். போன் வந்தால் எடுத்துப் பெண்டாட்டி சௌந்தரம் அத்தையிடம் நீட்டிவிடுகிறார். சந்தேகம் வந்தால் சும்மா வைத்திருக்க எனக்குத் தெரியாது. புண்ணில் குச்சி விட்டுப் பார்க்கிற புத்தி.

நூற்றாண்டுக் கச்சேரிக்கு ஒத்திகை பார்த்த சனிக்கிழமை காலை. செயலாளர் அன்பரசு சார் முன்வரிசையில். கூடவே கமிட்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேர். பாண்டிச்சேரி கம்பெனியைச் சவுண்டுக்கு வைக்கலாம் என்று அன்பரசு சார் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "பக்கிரி இருக்கும்போது எதுக்கு?" என்று மற்றவர்கள் தடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மோனி, மைக்க பாரு!" என்றார் மாமா.

நான் மைக்கைப் பிடித்து வாயை மட்டும் அசைத்தேன். ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ. சத்தம் துளிகூட இல்லை.

மாமா முன்னாலிருந்த மிக்ஸரில் விளக்குகள் வரிசையாக இருக்கும். குரல் வந்தால் அவை குதிக்கும். அன்றைக்குக் குதிக்கவில்லை. சத்தத்தைக் கூட்டுகிற திருகைக் கொஞ்சம் ஏற்றினார். "பேசு, பேசு." நானும் அசைத்தேன். இன்னும் ஏற்றினார். இன்னும்.

ஊளை கிளம்பியது. மைக் ஊளையிட்டு நீங்கள் கேட்டிருப்பீர்கள். குண்டூசி விழுந்தாலே ஊருக்குச் சொல்கிற ஹாலில் அதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். கூரையிலிருந்த புறா மொத்தமும் பறந்தது. அன்பரசு சார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஒரு கமிட்டிக்காரர் காப்பியை வேட்டியில் ஊற்றிக்கொண்டார். பக்கிரி மாமா மட்டும் சிரித்தார். விளக்கு சிவப்பு வரைக்கும் குதித்ததைப் பார்த்து என் குரல் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"வந்துடுச்சு! அப்படியே பேசு!"

அப்புறம்தான் சுற்றிலும் பார்த்தார். எல்லோர் கையும் காதில். கட்டைவிரல் மெதுவாக இறங்கியது. திருகைக் குறைத்தார்.

எத்தனையோ பேரைக் கேலி செய்து சிரித்திருக்கிறேன். அந்த விரல் இறங்கியதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

அன்பரசு சார் மேடைக்கு வந்து மைக்கைத் தட்டிப் பார்த்தார். நன்றாகவே வேலை செய்தது.

"நீ பேசினியா, இல்லியா?"

"பேசினேன் சார்."

தானாக வந்தது. பொய் எனக்கு எப்போதும் தானாகத்தான் வரும். உண்மைக்குத்தான் வெற்றிலை பாக்கு வைக்க வேண்டும்.

"மைக்கும் சரியா இருக்கு, பொண்ணும் பேசியிருக்கு. அப்ப என்னா பக்கிரி?"

மாமா மிக்ஸரை அணைத்தார்.

பிறகு தெரிந்தது. நாலு வருஷமாகவே அவருக்குக் காது மங்கிக்கொண்டு வந்திருக்கிறது. அந்த நாலு வருஷத்தில் ஒரு கச்சேரியிலும் ஊளை வந்ததில்லை. திருகை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர் விரலுக்கே தெரியும். அந்த விரலை எல்லை தாண்ட வைத்தவள் நான்.

திங்கட்கிழமை அவரை வலதுபக்கப் படக்கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். "படங்கள பாத்துக்குங்க பக்கிரி. இந்தக் கச்சேரிக்கு பாண்டிச்சேரிக்காரங்க வரட்டும். அப்புறம் யோசிக்கலாம்" என்றார் அன்பரசு சார். அந்த 'அப்புறம்' எந்தக் காலத்திலும் வராது என்று எனக்கே புரிந்தது.

மாமா ஒரு ஸ்டூலைப் போட்டு, புயலில் பழைய துறைமுகத்தை வரைந்த படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். படம் முழுக்கக் கறுப்புக் கடல், கறுப்பு வானம். வேறு எத்தனையோ படம் இருக்க, நாள் பூராவும் அதையேதான் பார்த்தார். தன்னைத் துரத்திவிட்ட கடலைப் பார்த்து மனசுக்குள் அழுகிறார் என்று நினைத்தேன். போண்டா வாங்கிக்கொண்டு போனேன். என் வாயைப் பார்த்து, "நீ சாப்பிட்டியா?" என்றார். மறுநாளிலிருந்து போண்டாவை ஸ்டூலில் வைத்துவிட்டு ஓடிவந்தேன்.

அந்த வாரம் சௌந்தரம் அத்தை வீட்டுக்கு வந்தாள்.

"ஏ மோனி, இவருக்கு காது டெஸ்ட்டுக்கு அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரிக்குப் போறோம். அவுங்க சொல்றது இவருக்குக் கேக்காது, எனக்குப் புரியாது. நீ கூட வாயேன்."

சிதம்பரம் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் கொடுத்தாள். ஆலப்பாக்கம் தாண்டினதும் முறுக்கைப் பிரித்தாள். "இந்தக் காலத்துல யாரு இப்படி கூட வருவா? நல்ல பொண்ணும்மா நீ" என்றாள். முறுக்கு தொண்டையிலேயே நின்றது. பரங்கிப்பேட்டை ரோடு வரைக்கும் இருமினேன்.

அங்கே மாமாவை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். வெளியே டெஸ்ட் எடுக்கிற மாலதி மேடம் மிஷினைத் தட்ட, மாமா டக்கு டக்கென்று அழுத்தினார். எல்லாமே சரி. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தியா, ஒண்ணும் இல்ல!"

எனக்குத்தான் பிட் அடிக்கிறவன் முகம் தெரியுமே. மாமா ஹெட்போனைக் கேட்கவில்லை. மேடத்தின் முழங்கையைப் பார்த்தார். அவர் மிஷினைத் தட்டும்போதெல்லாம் அது லேசாக எழும்பும். எழும்பினால் அழுத்தினார்.

மேடமும் கண்டுபிடித்துவிட்டார். நாற்காலியைத் திருப்பி முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு மாமா எப்போதாவது ஒரு தடவைதான் அழுத்தினார். பட்டனைப் பிடித்தபடி அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தடித்த சத்தம் கொஞ்சம் கேட்கும், கீச்சுச் சத்தம் சுத்தமாகப் போய்விட்டது, காது மிஷின் வைத்தால் ஓரளவு சரியாகும் என்றார் மேடம். மிஷின் வர மூன்று வாரம். கச்சேரிக்குப் பத்து நாள்.

திரும்பி வரும்போது மாமா என் பக்கம் திரும்பி, "நாலு வருஷம் வாயப் பாத்தே ஓட்டிட்டேன். ஒரு பயலுக்குத் தெரியலியே!" என்றார். பரீட்சையில் பாஸான மாதிரி ஒரு சிரிப்பு. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் ஹாலில் பாண்டிச்சேரிக்காரர்கள் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். அன்பரசு சார் கூட நின்றார். நான் படக்கூடத்துக்குப் போனேன். மாமா எனக்கு முதுகைக் காட்டி நின்று, அந்தக் கறுப்புப் படத்தின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதுகிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொன்ன மாதிரியும் ஆகும், அவருக்குக் கேட்காத மாதிரியும் ஆகும். கதவு பாதி திறந்திருந்ததால் குரலை நன்றாக இறக்கிக்கொண்டேன்.

"மாமா, நான் அன்னிக்குப் பேசல. வாய மட்டும்தான் அசைச்சேன். உங்க காது மேல எனக்கு முன்னாடியே சந்தேகம் இருந்துச்சு. பாதி தெரிஞ்சுதான் செஞ்சேன். அப்பறம் அன்பரசு சார்கிட்ட பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுடுங்க."

மாமா துடைத்துக்கொண்டே இருந்தார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. சத்தமில்லாமல் திரும்பினேன்.

"நில்லு."

அவர் திரும்பவில்லை.

"'வாய மட்டும் அசைச்சேன்'றது வரைக்கும் புரிஞ்சுது. அப்பறம் துணி மறைச்சுடுச்சு. அங்கேர்ந்து திருப்பிச் சொல்லு."

கண்ணாடியைப் பார்த்தேன். கறுப்புக் கடலில் என் முகம் பளிச்சென்று தெரிந்தது. என் முழி, என் வாய், பின்னாலிருந்த கதவு, எல்லாமே.

"இருட்டுப் படம்தான் நல்லா காட்டும். பின்னாடி யார் வராங்கன்னு தெரிய வேணாமா? நீ என்னா நெனச்ச, கடலப் பாத்து அழுவுறேன்னா? அது எனக்கு வாந்தியத் தவிர என்னா குடுத்துச்சு?"

மீதியையும் சொன்னேன். இந்தத் தடவை கண்ணாடியைப் பார்த்து.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். "நீ குரல் குடுத்தா கழுத்துல வலப்பக்கம் நரம்பு பொடைக்கும். உங்கம்மாவுக்கும் அப்படித்தான். அன்னிக்குப் பொடைக்கல."

"அப்பறம் ஏன் மாமா திருகுனீங்க?"

துணியை மடித்தார். "சந்தேகம் வந்தா எனக்கு எம்மேலதான் வரும். நாலு வருஷமா அப்படித்தான்."

ஹாலிலிருந்து பேச்சு தெளிவாக வந்தது. "இந்தாண்ட நாலு பாக்ஸ், அந்தாண்ட நாலு பாக்ஸ் போதும் சார்." "சரி, இன்னிக்கே முடிவு பண்ணிடலாம்" என்றார் அன்பரசு சார்.

"என்னா சொல்றாங்க?" என்று மாமா இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். சொன்னேன்.

"அந்த ஊளை எப்படி வந்துச்சுன்னு நான் சொன்னா சாக்கு. நீ சொன்னா சாட்சி."

"இப்பவே சொல்லிடறேன் மாமா" என்று குரலை இறக்கியபடியே சொன்னேன்.

அவர் என் வாயைப் பார்க்கவில்லை. அதற்குக் கொஞ்சம் கீழே பார்த்தார். பார்த்துவிட்டுப் போய், பாதி திறந்திருந்த கதவை முழுசாகத் திறந்துவிட்டார்.

"வாய்தான் அசையுது மோனி. நரம்பு பொடைக்கலியே."