மெஷின் பொண்டாட்டி படத்தின் முடிவு

வீடியோ கேசட் கடையில் கேசட்தான் வாடகைக்குப் போகும். படம் பார்த்தவர்களின் கோபம் நமக்கே சொந்தமாக வந்து சேரும். ரேஷன் கடையிலோ, மின்கட்டணம் வாங்கும் ஜன்னலிலோ, ஏதாவது ஒரு பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர்க் கோபத்தை வாங்கிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். நான் உட்கார்ந்தது எண்பதுகளின் கடைசியில், அம்பத்தூர் மார்க்கெட் பக்கத்து வீடியோ லைப்ரரி ஒன்றில். பி.எஸ்சி. முடித்து, விண்ணப்பங்கள் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம். எதிரில் நிற்பவர் நேராகப் பார்த்துப் பேசினாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவளைப் பிடித்துக் கவுண்டரில் உட்கார வைத்துவிட்டார்கள்.

லேபிள்

முதலாளி ஹமீது பாய் பூந்தமல்லிக்காரர். துணி வியாபாரத்திலிருந்து கேசட்டுக்கு மாறியவர். அவ்வப்போது ஒரு பை நிறைய ஆங்கிலப் படங்கள் கொண்டுவருவார். ஆங்கிலப் பெயரை எழுதி ஒட்டினால் எவரும் எடுக்க மாட்டார்கள். ஆகவே நான் படத்தைப் போட்டுப் பார்த்து, லேபிளில் தமிழில் ஒரு பெயர் எழுத வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடிக்கும். யாரோடும் பேச வேண்டியதில்லை.

அப்படி வந்த ஒரு படம். மனிதர்களைப் போலவே செய்து விற்கிற ஒரு தொழிற்சாலை. மனைவியை இழந்த ஒருவன் வீட்டு வேலைக்கென்று ஒருத்தியை வாங்குகிறான். பிறகு அவளையே மனைவியாக வைத்துக்கொள்கிறான். ஒரு நாள் சட்டம் வருகிறது: செய்யப்பட்ட மனிதர்களின் ஓட்டத்தை, வாங்கியவர்களே தங்கள் வீட்டில் நிறுத்திவிட வேண்டும். அவள் பிடரியில், முடிக்குக் கீழே, சின்னப் பொத்தான் இருக்கிறது. ஒருமுறை நிறுத்தினால் மறுபடி ஓடாது. கடைசியில் அதிகாரிகள் கதவைத் தட்டுகிறார்கள். அவன் அவளுக்குப் பின்னால் போய் நின்று, முடியை ஒதுக்கி, விரலை வைக்கிறான். அவள் திரும்பாமலே, "அடுப்பில் பால் இருக்கிறது" என்கிறாள். உடனே திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். அவ்வளவுதான் படம்.

நான் 'செயற்கை மனிதர்கள்' என்று எழுதினேன். பாய் அதைப் படித்தார், என் பேனாவை வாங்கினார், அந்தப் பெயரை அடித்துவிட்டு 'மெஷின் பொண்டாட்டி' என்று எழுதினார். "செயற்கைன்னு போட்டா உரக்கடைன்னு நெனச்சுக்குவாங்கம்மா."

ஜன்னலோரத்துக் கண்ணீர்

மூர்த்தியும் தனசேகரும் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில், ஒரே ஷிப்டில் லேத் மெஷின் ஓட்டுகிறவர்கள். மூர்த்தியின் தங்கை செல்வியை தனசேகருக்குப் பேசி, தட்டும் மாற்றியாகிவிட்டது. பத்திரிகை அடிப்பதுதான் பாக்கி. ஒரு விடுமுறை நாளில் வீடியோ டெக், டி.வி. எல்லாவற்றையும் வாடகைக்கு எடுத்துப் போய் இருவரும் இந்தப் படத்தைப் பார்த்தார்கள். மறுநாள் காலை திருப்பிக் கொண்டுவந்தபோது தனசேகர் சிரித்துக்கொண்டிருந்தார். மூர்த்தி சிரிக்கவில்லை.

"சிஸ்டர், நீங்க சொல்லுங்க. அவன் அத நிறுத்தினானா, இல்லியா?" என்றார் மூர்த்தி. நான் கேசட்டின் உறையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"நிறுத்தாம இன்னா செய்வான் மச்சான்? மோட்டாரு. சுவிச்சு போட்டா ஓடும், அமுத்துனா நிக்கும். இதுல இன்னா பாவம் கீது?" என்றார் தனசேகர்.

"அழுதுதே மாப்ள. சட்டம் வந்த அன்னிக்கு ஜன்னலாண்ட நின்னு அழுதுதே."

"கூலன்ட் லீக்கு மச்சான். நம்ம லேத்துலயும்தான் நாள் பூரா ஒழுவுது. கைக்குட்ட எடுத்துனு போய்த் தொடச்சு உடறியா?"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. மூர்த்தியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் என்னிடம் குனிந்து, தனசேகருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்: "இவன் கைலதான் சிஸ்டர் எங்க ஊட்டுப் பொண்ண குடுக்கப் போறோம்."

ஆளுக்கொரு கட்சி

அதற்குப் பிறகு அந்தக் கேசட் அலமாரியில் தங்கவே இல்லை. முகப்பேர் ஃபிளாட்டிலிருந்து வரும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர், கதாநாயகனும் மெஷின்தான் என்று நிரூபித்தார். படம் முழுக்க அவன் ஒரு வாய் சாப்பிடவில்லையாம். பார்த்தேன், உண்மைதான். ஆனால் அந்தப் படத்தில் யாருமே சாப்பிடவில்லை. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

பெரிய சந்தேகம் பெண்களுக்குத்தான். தான் செய்யப்பட்டவள் என்று அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்துகொண்டேதான் பாலைப் பற்றிச் சொன்னாளா? வானகரத்திலிருந்து வரும் நர்ஸ் அக்கா ஒருவருக்கு மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லை. கேசட்டைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போகிற போக்கில் சொன்னார்: "அவன் வேலைக்கு வாங்கி அப்புறம் பொண்டாட்டி ஆக்கினான். எங்க ஊட்ல பொண்டாட்டியா கூட்டினு வந்து அப்புறம் வேலைக்கு வச்சாங்க. வேற இன்னா வித்தியாசம்?"

பந்தயம்

இரண்டு வாரத்துக்குள் எஸ்டேட்டில் அந்தக் கம்பெனியின் கேன்டீனே இரண்டாகப் பிரிந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். ஒரு பக்கம் 'நிறுத்தினான்' கட்சி, தனசேகர் தலைமையில். இன்னொரு பக்கம் 'நிறுத்தல' கட்சி. ஒரு நாள் டம்ளர் பறந்ததாம். தோற்கிறவர் கேன்டீனில் எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பந்தயம்.

இதுவரை எனக்கும் வேடிக்கைதான். அன்று சாயங்காலம் மூர்த்தி தனியாக வந்தார். சட்டையில் எண்ணெய்க் கறை. வீட்டுக்குப் போகாமல் நேராக வந்திருக்கிறார். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். பத்திரிகை அடிப்பதை அப்பா நிறுத்திவைத்துவிட்டாராம். அச்சகத்துக்குப் போகிற வழியில்தான் திரும்பி வந்தார்களாம். "ஒரு படத்துக்காகவா?" என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்: "படத்துக்கா கேக்கறேன் சிஸ்டர்? அழுவறவள மெஷின்னு சொல்றவன், நாளைக்கு எந்தங்கச்சி அழுதா இன்னான்னு சொல்லுவான்?"

பட்டுப் புடவை

அந்த வெள்ளைப் புள்ளிகள் என்னை முதலிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தன. படம் முடிந்தால் பெயர்கள் ஓட வேண்டும், இசை வர வேண்டும். இதில் இரண்டும் இல்லை. மறுநாள் நானாகவே பாயிடம் கேட்டேன். கடையில் சேர்ந்த பிறகு நானாக ஆரம்பித்த முதல் பேச்சு அதுதான்.

பாய் தலையைச் சொறிந்தார். எங்கள் கடையில் இரண்டு டெக்குகளை ஒயரால் இணைத்து, ஒன்றில் ஓடுவதை இன்னொன்றில் பதிவோம். வெற்றுக் கேசட்டில் முதலில் கடைவீதி விளம்பரங்கள் ஏறும். அந்தக் கடைக்காரர்கள் கொடுக்கிற காசில்தான் என் சம்பளம். அதற்குப் பிறகு படம். இந்தக் கேசட்டில் கல்யாணப் பட்டுப் புடவைக் கடை ஒன்றின் விளம்பரம். ஒரு பெண் எட்டுப் புடவை மாற்றிக்கொண்டு திரும்பித் திரும்பி நடப்பாள். அதுவும் ஓடி, படமும் ஓடி, முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் நாடா தீர்ந்துவிட்டது. பாய் அப்போது டீக்குப் போயிருந்தார். திரும்பி வந்து, படம் முடிந்துவிட்டது என்று நினைத்து வெளியே எடுத்திருக்கிறார்.

ஊரே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிற புதிர் இதுதான். ஆவடியில் கடை வைத்திருக்கும் தன் மச்சானிடம் முழுக் கேசட் இருக்கிறது, வாங்கிவந்து ஞாயிற்றுக்கிழமை கடையிலேயே போட்டுக் காட்டுகிறேன் என்று மூர்த்திக்கும் தனசேகருக்கும் பாய் சொல்லி அனுப்பினார். என் பக்கம் திரும்பியபோது அவர் குரல் இறங்கியிருந்தது: "ஒரு கல்யாணத்தக் கெடுத்த பாவம் நம்ம கடைக்கு வேணாம்மா."

செல்வி

வெள்ளிக்கிழமை மத்தியானம், வெயிலில் தெருவே காலியாக இருந்த நேரம், ஒரு பெண் வந்து நின்றாள். எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறவள். கழுத்தில் இன்னும் இஞ்ச் டேப் தொங்கியது. "நீங்கதான் அந்தப் படம் வச்சினு கீற அக்காவா? நான் மூர்த்தி தங்கச்சி. அத நான் பாக்கணும்" என்றாள். தனக்கு இங்கிலீஷ் வராது, நான்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள்.

கடையின் பின்பக்கத்து அறையில் இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். நான் ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொன்னேன். முதலில் குரல் எழும்பவில்லை. "சத்தமா சொல்லுங்கக்கா" என்று என் தொடையைத் தட்டினாள். அழுகிற காட்சியில் அவள் அழவில்லை. பால் வசனத்தில்தான் கையைத் தூக்கினாள். "இன்னொரு வாட்டி போடுங்க." போட்டேன். "அடுப்புல பால் கீதுன்னா சொல்றா? அவனாண்டயா, வெளிய நிக்கறவங்களாண்டயா?" எனக்குத் தெரியவில்லை என்றேன். வெள்ளைப் புள்ளிகள் வந்தன.

முழுக் கேசட் நாளை வருகிறது, முடிவு தெரிந்துவிடும், சண்டை தீர்ந்துவிடும் என்று அவளைத் தேற்றினேன். அவள் இஞ்ச் டேப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். எழுந்துகொண்டே சொன்னாள்: "ஞாயித்துக்கெழம நானும் வரேன். அதுவரிக்கும் யாருக்கும் போட்டுக் காட்டாதீங்கக்கா. முடிவு தெரிஞ்சா அவரு அதயே மனப்பாடம் பண்ணினு வந்து நிப்பாரு."

தனியாக வந்தவர்

சனிக்கிழமை கேசட் வந்தது. சரிபார்ப்பது என் வேலை, முடிவைப் பார்த்தேன். பார்த்ததும் டிராயருக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

இருட்டுவதற்குச் சற்று முன்னால் தனசேகர் வந்தார். வாடிக்கையாளர்கள் எல்லோரும் போகும்வரை போஸ்டர்களைப் பார்ப்பதுபோல் நின்றார். பிறகு கவுண்டரில் இரண்டு கைகளையும் ஊன்றி, "கடசி ரெண்டு நிமிசம் போட்டு உடுங்க சிஸ்டர். யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றார். சாவியைக் கவுண்டருக்கு அடியில் மறைத்துக்கொண்டேன். டெக் ரிப்பேர், கரண்ட் இல்லை, பாய் திட்டுவார் என்று நான்கைந்து பொய்கள் வரிசையாக வந்து நின்றன. வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை: "மாட்டேன்."

வாடிக்கையாளர் ஒருவரிடம் நான் அப்படிச் சொன்னதே இல்லை. அவர் கோபப்படுவார் என்று பயந்தேன். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கைகளை எடுத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடியே சொன்னார்: "கேன்டீன்ல தமாசுக்கு சொன்னது சிஸ்டர். இப்ப தமாசுன்னு சொன்னா எவன் நம்புவான்?"

ஞாயிற்றுக்கிழமை

பாய் ஷட்டரைப் பாதி இறக்கினார். டி.வி.யைக் கவுண்டர் மேல் வைத்தோம். ஒரு பக்கம் மூர்த்தி, இன்னொரு பக்கம் தனசேகர். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஷட்டருக்கு வெளியே இரண்டு கட்சிக்காரர்களின் கால்கள் வரிசையாகத் தெரிந்தன. கடைசியாகச் செல்வி குனிந்து உள்ளே வந்தாள். அவளை எதிர்பார்க்காத தனசேகர் எழுந்து நின்றார்.

கேசட்டைப் போட்டேன். கதவு தட்டும் சத்தம். முடியை ஒதுக்கும் கை. பிடரியில் விரல். "அடுப்பில் பால் இருக்கிறது."

"அக்கா, அங்கியே நிக்கட்டும்" என்றாள் செல்வி. படத்தை அப்படியே நிறுத்திவைக்கும் பாஸ் பொத்தானை அழுத்தினேன். படம் கோடு கோடாக நடுங்கிக்கொண்டு நின்றது. திரையில் அந்த விரலும் நடுங்கியது. ரொம்ப நேரம் அப்படி வைக்கக் கூடாது. டெக் தானாகவே விட்டுவிடும். பாய் "நாடா தேஞ்சிடும்மா" என்று முனகினார். யாரும் காதில் வாங்கவில்லை.

செல்வி தனசேகரை நேராகப் பார்த்தாள். "அவன் இன்னா பண்ணான்றது எனக்கு வேணாம். கதவத் தட்டறாங்க. அங்க நிக்கறது நீங்க. இன்னா பண்ணுவீங்க?"

தனசேகர் டி.வி.யைப் பார்த்தார், ஷட்டருக்கு வெளியே நின்ற கால்களைப் பார்த்தார். ஒரு ஜோக் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். சொல்லக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

"தெரியல" என்றார்.

"பாத்தியா!" என்று மூர்த்தி எழுந்தார்.

"இரு மச்சான். தெரியல செல்வி. ஃபோர்மேன் கத்துனாலே எனக்கு கை ஒதறும். வெளிய நிக்கறவன் போலீசுக்காரன். அப்ப என் கை எங்க போவும்னு இப்ப இங்க நின்னுகினு சொன்னா, அது பொய்யி. நிறுத்தக் கூடாதுன்னு மனசு அடிச்சிக்கும். அது மட்டும் தெரியும்."

"கேட்டியா? தெரியலியாம்! கட்டிக்கப் போறவகிட்ட சொல்ற பதிலா இது? அப்பாவாண்ட நான் இன்னான்னு..."

அந்த நேரம் பார்த்து டெக் பாஸை விட்டுவிட்டது. படம் ஓடத் தொடங்கியது. எல்லோரும் திரும்புவதற்குள் செல்வி என்னைப் பார்த்தாள், நான் டி.வி.யின் பொத்தானையே அமுக்கிவிட்டேன். இருண்ட கண்ணாடியில் எங்கள் ஐந்து பேரின் முகங்கள் தெரிந்தன. செல்வி அண்ணனின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீயா இருந்தா மார்ல தட்டினு 'உயிரக் குடுப்பேன்'னு சொல்லியிருப்பே. நானும் நம்பியிருப்பேன். தெரியலன்னு ஒரு பொம்பள முன்னாடி சொல்றதுக்குத்தான்ணா தைரியம் வேணும். அப்பாவாண்ட சொல்லு, பத்திரிக்க அடிக்கட்டும்."

முழுக் கேசட்டை மறுநாளே பாய் ஆவடிக்குத் திருப்பி அனுப்பிவிட்டார், ஏனென்றால் முடிவு தெரிந்த படத்தை இரண்டாம் முறை யாரும் வாடகைக்கு எடுப்பதில்லை என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம்.