நடுப்பட்டைக்கு மஞ்சள்

போன செவ்வாய்க்கிழமை. பேங்க்கில் நான் கவுண்டரை மூடப் போகும் நேரத்தில் செல்லையா அண்ணாச்சி ஒரு வெளிநாட்டுக் கவரோடு வந்து நின்றார். சங்கரன்கோவிலில் நான்கு விசைத்தறி ஓட்டுபவர். இங்கிலீஷ் வராது. அவருக்கு வரும் கடிதத்தைப் படிப்பதும் பதில் எழுதுவதும் என் வேலை.

“அந்தம்மாதான் வே... சீக்கிரம் படியும்!”

அந்தம்மா இருப்பது எஸ்டோனியாவில். அது எங்கே என்கிறீர்களா? ரஷ்யா பிடித்து வைத்திருக்கும் ஒரு சின்ன தேசம். தமிழில் வரும் ஒரு ரஷ்யப் பத்திரிகையின் பேனா நண்பர் பகுதி மூலம் பழக்கம்.

மூன்று வருஷம் முன்பு அந்தம்மா எழுதியிருந்தார் – மகளுக்குக் கல்யாணம், உங்கள் தறியில் நெய்த ஒரு துண்டு வேண்டும். நீலம், கறுப்பு, வெள்ளை, மூன்று பட்டையும் ஒரே அகலம். தயவுசெய்து நிறத்தை மாற்ற வேண்டாம்.

அண்ணாச்சி பதறிவிட்டார். “கல்யாணத்துக்குக் கறுப்பா? பாவம், வெவரம் தெரியாமக் கேக்காவ. நாம தெரிஞ்சே செய்யலாமா வே?”

நானும் தலையாட்டினேன். கறுப்புக்குப் பதில் மங்களகரமாக மஞ்சள்! பார்சல் போயிற்று. நன்றி சொல்லி ஒரு கார்டு வந்தது. அப்புறம் பேச்சுமூச்சில்லை.

இப்போதுதான் இந்தக் கடிதம். படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

அந்த மூன்று நிறமும் அவர்கள் நாட்டுக் கொடியாம். ரஷ்யாக்காரன் தடை செய்தது; வீட்டில் வைத்திருந்தால் ஜெயில். கடிதத்தையும் பிரித்துப் படிப்பார்கள் என்பதால் கொடி என்று எழுத முடியவில்லை. இந்தியத் துண்டை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அந்தம்மாவின் அப்பா சைபீரியச் சிறைமுகாமில் வருஷக்கணக்காகக் கிடந்து திரும்பியவர். பேத்தி கல்யாணத்திலாவது கொடியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கேட்டாராம்.

வந்ததோ மஞ்சள்! ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அந்தம்மாவே அதன்மேல் கறுப்பு நூலால் தைக்க ஆரம்பித்திருக்கிறார். கல்யாணத்தன்று பாதிதான் கறுத்திருந்ததாம். பெரியவர் அதையே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அடுத்த மாதம் இறந்துவிட்டார்.

இப்போது கெடுபிடி தளர்ந்து, தெருவிலேயே கொடி பிடிக்கிறார்களாம். கவருக்குள் ஒரு கலர் போட்டோ. கூட்டத்தில் அந்த மகள், கையில் நம்மூர்த் துண்டு.

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. “கெடுத்துட்டேனே வே... நல்லதுன்னுல்லா நெனச்சேன்!”

எனக்கும் மனசு ஆறவில்லை. அந்த ஜனங்களுக்கு எது நல்லது என்று தீர்மானிக்க மாஸ்கோவில் ஏற்கெனவே ஆள் இருந்தது... போதாததற்குச் சங்கரன்கோவிலில் நாங்கள் இரண்டு பேர்!