ஓடாத சோலாருக்கு நான் சாட்சி

சோலார் பேனல் ஒழுங்காக ஓடுகிற வீட்டில் எனக்கு வேலை கிடையாது. எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து, பெங்களூரில் எட்டு வருஷம் பேனல் மாட்டும் கம்பெனியில் இருந்தேன். இப்போது, மாட்டிய பேனல் ஏன் ஓடவில்லை என்று மாடியேறிப் பார்த்து, நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்க அறிக்கை எழுதித் தருகிறேன். "அடுத்த வாரம் ஆள் அனுப்பறோம்" என்பதை நம்பிக் காத்திருக்கிறீர்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். வழக்குப் போட இரண்டு வருஷம்தான் கெடு. அது அடுத்த வாரங்களிலேயே கரைந்துவிடும்.

மாமரத்தின் மேல் பழி

விவேக் நகரில் ஸ்டெல்லா என்று ஓய்வுபெற்ற நர்ஸ். பேனல் மாட்டி மூன்றே மாதத்தில் மின்சாரம் பாதியாகக் குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமரத்தின் நிழல் விழுகிறது, வெட்டச் சொல்லுங்கள் என்றது கம்பெனி. அந்த வீட்டுக்காரரோடு அவருக்கு முப்பது வருஷப் பழக்கம். அதை முறித்துக்கொள்ள மனமில்லாமல் என்னைக் கூப்பிட்டார்.

காலை எட்டு மணிக்கு மாடியேறினேன். மணிக்கொரு தரம் நிழலின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டுப் படம் எடுத்தேன். சாயங்காலம் ஐந்து வரை ஒரு கோடுகூடப் பேனலைத் தொடவில்லை. கோளாறு இன்வெர்ட்டரில் இருந்தது. என் அறிக்கையோடு வக்கீல் நோட்டீஸ் போனது. வழக்குப் போடும் முன்பே புது இன்வெர்ட்டர் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பை மாங்காயோடு வந்து என்னிடம் சொன்னார்: "இத்தனை வருஷம் இந்த மரத்துக்குத் தண்ணி ஊத்தினது நான். காப்பாத்தினது நீங்கம்மா."

தலைக்கு மேல் தப்பு

எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் கார்த்திக், சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிக்கும் வேலை. அவர் வீட்டுப் பேனல் ஒரே வருஷத்தில் பழுப்பேறிப் போனது. விற்றவர், தயாரித்த கம்பெனியைக் கேளுங்கள் என்றார். தயாரித்தவர்கள், இது எங்கள் சரக்கே இல்லை என்றார்கள்.

பேனலுக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு வரிசை எண்ணாகப் படித்தேன். வாரண்டி அட்டையிலிருந்த எண் ஒன்றுகூட அங்கே இல்லை. வழக்கு முடிந்தது என்று கார்த்திக் தலையில் கைவைத்தார். இப்போதுதான் ஆரம்பம் என்றேன். ஒன்றைக் காட்டி வேறொன்றை மாட்டியதாகப் புகார் கொடுத்தோம். விற்றவர் சமரசத்துக்கு வந்து அத்தனை பேனலையும் மாற்றிக் கொடுத்தார். அன்று கார்த்திக் சொன்னது: "ஊரார் ப்ரோக்ராம்ல தப்பு பிடிச்சே சம்பாதிக்கறேன் மேடம். என் தலைக்கு மேல இருந்த தப்பு எனக்குத் தெரியல."

காற்றும் போல்ட்டும்

சிவாஜிநகரில் முனிரத்தினம், தையல்காரர். ஒரு மழைக்காற்றில் அவர் மாடிப் பேனல் பிய்த்துக்கொண்டு அடுத்த மாடியில் போய் விழுந்தது. துணி எடுத்துக்கொண்டு அந்த வீட்டம்மா அப்போதுதான் உள்ளே போயிருந்தார். இயற்கைச் சீற்றம், நாங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனி கைவிரித்தது.

வக்கீல் வைக்க அவருக்கு வழியில்லை. ஆணையத்தில் நீங்களே பேசலாம் என்றேன். "எட்டாவதோட நின்னவன்க்கா நான்" என்று தயங்கினார், ஆனால் வந்தார்.

ஒரு பேனலுக்கு நாலு இடத்தில் போல்ட் வேண்டும், இரண்டுதான் போட்டிருக்கிறார்கள் என்று சாட்சி சொன்னேன். மாடிக்கு நீங்களே ஏறினீர்களா என்று கம்பெனி வக்கீல் கேட்டார். போடாத போல்ட்டின் ஓட்டையில் என் விரல் இருக்கும் படத்தை நீட்டினேன். அதன்பிறகும் அவர், காற்று தெய்வச் செயல் என்றே வாதாடினார். சில மாதம் கழித்து, புதிதாக மாட்டித் தரும்படி உத்தரவு வந்தது. அதைவிட எனக்குப் பெருமை, அந்த வக்கீலுக்கு முனிரத்தினம் எழுந்து நின்று கன்னடத்தில் கொடுத்த பதில்: "காத்து தெய்வச் செயல்தான் சார். ரெண்டு போல்ட்ட மாட்டாம விட்டது உங்க ஆள் செயல்."

இப்படி ஊரார் மாடியெல்லாம் ஏறி இறங்கியதில், என் வீட்டு மாடியில் பேனல் மாட்ட மட்டும் இன்றுவரை ஒரு கம்பெனியும் துணிந்து வரவில்லை.