சுத்தக் காற்றை நிறுத்தியவள்

கரகண்டி நகரத்தில் இருக்கும் எங்கள் ஆய்வகத்துக்கு வருவதற்கு முன், மாக்பால் பதினாறு வருடம் நிலக்கரிச் சுரங்க வாசலில் தொழிலாளர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுத்தவள். வோட்கா குடித்துவிட்டு, வாடையை மறைக்க வெங்காயம் மென்றுகொண்டு வருகிறவனை மூன்றடி தூரத்திலேயே பிடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு நாங்கள் கொடுத்த வேலை, வாயு சிலிண்டரின் வால்வைத் திருப்புவது. படித்த மேதாவிகள் அல்லவா நாங்கள்!

நாங்கள் செய்துகொண்டிருந்தது மின்னணு மூக்கு. சுரங்கத்துக்குள் கரி கனலத் தொடங்கும்போது கசியும் வாயுக்களை மோப்பம் பிடித்து அது அலற வேண்டும். பழைய கருவி டீசல் வண்டிப் புகைக்கே அலறும். தொல்லை தாங்காமல் அதன் வாயில் துணியைத் திணித்துவிட்டு வேலை பார்ப்பார்கள். திணிப்பதில் முதல் ஆள் மாக்பாலின் தம்பி எர்போல். நிஜமாகவே தீப்பிடித்தால் அவன் கதி என்ன என்ற பயம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

மூக்கைப் பழக்குவதோ ஆமை வேகம். ஒரு வாயுவைக் காட்ட வேண்டும். பிறகு அந்த வாடை போக ஒரு மணி நேரம் சுத்தக் காற்று. அப்புறம்தான் அடுத்தது. இன்னும் ஏழு மாதம் ஆகும் என்றேன்.

"ஏழு மாசமா? அதுக்குள்ள எந்தம்பி கரியாயிடுவான்! சுரங்கத்துல அதுக்கு யாரு டாக்டரே சுத்தக் காத்து குடுப்பா?"

"ஒண்ணொண்ணாத்தான் அக்கா கத்துக்கும்."

"நான் வோட்காவத் தனியா மோந்தா கத்துக்கிட்டேன்? வெங்காயம், புகையிலை, குதிரைக் கறி, எல்லாம் ஒண்ணா மூஞ்சில அடிக்கும். எல்லா வால்வையும் தொறங்க. கலந்துகட்டி மாத்திக்கிட்டே இருங்க."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் ரோஷத்தை விட்டுவிட்டுச் செய்து பார்த்தேன். இரண்டு நிமிடத்துக்கு ஒரு கலவை, கணினி இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுத்தது. சுத்தக் காற்றே கிடையாது. பதினோரே நாளில் மூக்கு தேறிவிட்டது! அன்று நான் ஆடிய ஆட்டத்தை இன்றுவரை கேலி செய்கிறார்கள்.

மூக்கைச் சுரங்கத்தில் மாட்டினோம். சோதனை என்று ஆட்களுக்குச் சொல்லவில்லை. டீசல் வண்டி புகை கக்கிக்கொண்டு கடந்து போனது. மூக்கு மூச்சு விடவில்லை.

"என்னக்கா, உங்க மூக்குக்குச் சளி பிடிச்சிருச்சா?" என்று சிரித்தான் எர்போல்.

மேற்பார்வையாளரிடம் முன்பே சொல்லி வைத்திருந்த மாக்பால், தூணுக்குப் பின்னால் போய், கனலும் கரியின் வாயுவை அடைத்த சின்னக் குப்பியைத் திறந்தாள். மூக்கு வீறிட்டது. திரையில் 'கரி கனல்கிறது' என்று வந்தது. எர்போல் அதைப் படித்தான். துளைக் கருவியைப் போட்டுவிட்டு, பக்கத்திலிருந்தவனையும் இழுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினான். ஓர் அலாரத்துக்கு அந்தச் சுரங்கத்தில் ஆள் ஓடி நான் பார்த்ததே இல்லை!

விஷயம் தெரிந்ததும், மூச்சிரைக்கக் கத்தினான்: "சோதனைன்னு முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"ஓடுனியேடா! ஓடுனியே!" என்று அவன் முதுகில் அறைந்துகொண்டே இருந்தாள் மாக்பால்.