இருபது கட்டுரையிலும் என் கவலை

‘புள்ளைக்கு ஒடம்பு கொதிச்சா கையும் ஓடல, காலும் ஓடல’ என்று ஒரு தாய் சொன்னால், ஆய்வுக் கட்டுரை தேட அதை எந்தத் தேடுசொல்லாக மாற்றுவது? பயமா, பதற்றமா, செய்வதறியாத நிலையா? குளத்தூர்ப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் உதவி நூலகராக ஆறு வருடம் ஓட்டிவிட்டேன். இன்னும் விடை தெரியாது.

போன பருவத்தில் ஆவூர் ஜெனிஃபர் வந்தாள். எம்.எஸ்சி. மாணவி. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் தாய்மார் மனத்தளவில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது அவள் தலைப்பு. வெறும் வெப்சைட்டுகளை ரெஃபரன்ஸாகக் கொடுத்ததால் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு மேடம் அவள் எழுதியதை ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தார்.

"அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள இருபது ஆர்ட்டிக்கிள் வேணும். இல்லாட்டி தலைப்பையே மாத்தணுமாம். ரெண்டு மாசமா வார்டுல அம்மாக்கள்ட்ட பேசிப் பேசி எழுதி வச்சதெல்லாம் வீணாப் போயிரும்."

"நீ போயி சாப்புடு. நான் தேடி வைக்கிறேன்" என்றேன். அதுதான் தப்பு.

அன்று என் ஒன்றரை வயது மகள் மூக்கொழுகலோடு மாமியாரிடம் இருந்தாள். குழந்தை, காய்ச்சல், தாய் என்று ஒழுங்காகத்தான் தொடங்கினேன். பிறகு ‘வேலைக்குப் போகும் தாய்’ சேர்ந்தது. ‘முதல் குழந்தை’ சேர்ந்தது. ‘குற்ற உணர்வு’ம் சேர்ந்தது. ‘காய்ச்சல்’ என்ற சொல் எப்போது கழன்றது என்று தெரியாது. வந்த கட்டுரைச் சுருக்கம் ஒவ்வொன்றும் அவ்வளவு பொருத்தம், எனக்கு. இருபதையும் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் கைடு மேடம் ஜெனிஃபரோடு நூலகத்துக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, இதுல காய்ச்சல் எங்கிட்டு இருக்கு? புள்ளைய விட்டுட்டு வேலைக்குப் போற அம்மா வருத்தப்படுறதுதான் இருபதுலயும் இருக்கு. இவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே!"

"நான் தேடுனதுங்க மேடம்."

"அதான் தெரியுதே. ஒங்க புள்ளைக்கு இப்ப எப்பிடி இருக்கு?"

"சளி கொறஞ்சிருச்சுங்க."

"நல்லது. மூணு மணி வரைக்கும் டைம்."

ஜெனிஃபரின் நோட்டைத் திறக்கச் சொன்னேன். "வார்டுல என்ன சொன்னாங்களோ, அப்பிடியே வாசி."

"நிமிசத்துக்கு ஒருக்கா நெத்தியத் தொட்டுப் பாத்தேன்னு ஒருத்தவங்க சொன்னாங்க."

"அது நோய்க் கண்காணிப்பு. எழுதிக்க."

"ஊசி போடலன்னு அன்னைக்கே மூணு டாக்டர்ட்ட போனாங்களாம் இன்னொருத்தவங்க."

"அது சிகிச்சை தேடும் நடத்தை."

"அக்கா, நீங்க எத்தன டாக்டர்?"

"ரெண்டுதான். நீ அடுத்தத வாசிடி."

கையும் காலும் ஓடாத அம்மாவுக்கு மட்டும் பயம், பதற்றம், செய்வதறியாத நிலை மூன்றையும் ‘அல்லது’ போட்டுச் சேர்த்தேன். இரண்டே முக்காலுக்குப் பதினேழு கட்டுரைகள் தேறின. மேடம் புரட்டிப் பார்த்து, "பதினேழே போதும். தலைப்பு இருக்கட்டும்" என்றார். ஜெனிஃபர் என் கையைப் பிடித்துக் குலுக்கியதில் மேசைத் தண்ணீர் கொட்டியது.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் அவர்கள் கேள்வியை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லித் தாளில் எழுதிக்கொள்கிறேன். அதில் இல்லாத விஷயம் எதையும் தேடுபெட்டியில் போடுவதில்லை. நான் கற்றது அவ்வளவுதான்.

போன வாரம் ஜெனிஃபர் தன் ஆய்வுக்கு அம்மாக்கள் நிரப்ப வேண்டிய கேள்வித்தாளோடு வந்தாள். "அஞ்சு வயசுக்குள்ள புள்ள இருக்கற அம்மா நீங்களுந்தானக்கா. நெரப்பிக் குடுங்க."

எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண், எதைத் தாண்டினால் ‘மிகைப் பதற்றம்’ என்பதெல்லாம் நான் தேடிக் கொடுத்த கட்டுரைகளிலேயே இருக்கிறது. என் பதற்றத்தைக் குறைத்து எழுதினால் அவள் ஆய்வு கெடும். உள்ளபடி எழுதினாலும், விடை தெரிந்தவள் எழுதிய பரீட்சைதானே? முதல் கேள்விக்கே பென்சிலால் டிக் அடித்து இரண்டு முறை அழித்துவிட்டேன். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். பிள்ளை வளர்த்தவர்களும் ஆய்வு செய்தவர்களும் சொல்லுங்கள்: நிரப்பட்டுமா, வெறும் தாளாகத் திருப்பிக் கொடுக்கட்டுமா?